மூன்று மணி நேரம் நனையாத கால்சட்டை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், மாப்பிள்ளை, நம் குட்டி சில்வண்டு மூவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, போதுமான அளவு தூங்கி, நல்லபடியாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுத்திருக்கிறேன். நேற்று மத்தியானமே மாப்பிள்ளை உனக்கு விஷயத்தைச் செய்தியாக அனுப்பிவிட்டார். அதற்கு நீ, என் மனசு கஷ்டப்படக் கூடாது என்று இரண்டு பேரும் சேர்ந்து கதை கட்டுகிறீர்கள், இருபத்தெட்டாம் தேதி நான் வருவதில் மாற்றம் இல்லை என்று பதில் போட்டிருக்கிறாய். உன்மேல் தப்புச் சொல்லமாட்டேன், எதையும் பூசி மெழுகிச் சொல்லியே பழகிய குடும்பம் நம்முடையது. அதனால்தான் நடந்ததை ஆரம்பத்திலிருந்து, நான் செய்த தவறுகளையும் விடாமல், வரிசையாக எழுதுகிறேன். நல்லதை மட்டும் எழுதினால் நீ நம்பமாட்டாய். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ நடுவில் ஒரு கேள்வி கேட்டால் எனக்கு வரிசை தப்பிவிடும். மாப்பிள்ளை இதைப் படம் பிடித்து இன்றைக்கே உனக்கு அனுப்புவார், காகிதம் தபாலில் பின்னால் வந்து சேரும். முழுவதும் படித்துவிட்டு முடிவு செய்.

உனக்குத் தெரிந்ததையே முதலில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன், அப்போதுதான் எனக்கு ஓடும். அடுத்த மாதம் மூன்றாம் தேதி எனக்குக் குடலிறக்க ஆபரேஷன். அதன்பிறகு ஆறு வாரத்துக்கு ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சில்வண்டு பதினொரு கிலோ, அதுவும் சும்மா இருக்கும் பதினொரு கிலோ இல்லை. மாப்பிள்ளை காலை எட்டு மணிக்கு அச்சகத்துக்குப் போனால் திரும்ப ஐந்தரை ஆகிறது. ஆக, குழந்தையைப் பகலில் காப்பகத்தில் விடவேண்டும். அங்கே கைக்குழந்தைகள் அறையில் இடமே இல்லை. நடக்கிற குழந்தைகள் அறையில் ஒரே ஒரு இடம் காலி, ஆனால் அந்த அறையில் டயப்பர் கூடாது, குழந்தை தானாகச் சொல்லிப் போகவேண்டும். இரண்டு காலைப்பொழுது வைத்துப் பார்ப்பார்கள், சரியாக வந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். நம்முடையதற்கு இருபத்தோரு மாதம்தான் ஆகிறது. இதைக் கேட்டதும் நீ, செயற்கைக் கால் செய்யும் படிப்பை விட்டுவிட்டு வருகிறேன் என்று இருபத்தெட்டாம் தேதிக்கு டிக்கெட்டும் எடுத்துவிட்டாய். பத்து மாதப் பயிற்சியில் நான்கு மாதம்தான் பாக்கி. இப்போது விட்டால் அடுத்த சேர்க்கை இரண்டு வருஷம் கழித்துத்தான் என்பதை நீ சொல்லவில்லை, மாப்பிள்ளைதான் சொன்னார். நீ போனில், “கால் எங்கயும் ஓடிப் போயிடாதுப்பா” என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கே, இதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்துப் போனை வைத்த பிறகு, எதை நம்பி அப்படிச் சொன்னேன் என்று எனக்கே புரியவில்லை. நீ எந்த வயதில் இதைக் கற்றுக்கொண்டாய் என்றுகூட எனக்குத் தெரியாது. உன் அம்மா இருந்திருந்தால் மாதம் தேதியோடு சொல்லியிருப்பாள். நீ அதைக் கற்றுக்கொண்ட நேரத்தில் நான் அநேகமாகத் தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் நின்றிருப்பேன்.

தெரியாத வேலையைத் தெரிந்த வேலைபோல மாற்றிக்கொள்வதுதான் எனக்கு வரும். முப்பத்தொரு வருஷம் குடிநீர் வாரியத்தில் மேல்நிலைத் தொட்டியின் மட்டம் பார்த்தவன் நான். உள்ளே எவ்வளவு வருகிறது, வெளியே எவ்வளவு போகிறது, எத்தனை மணிக்கு விளிம்பைத் தொடும், இதை மணிக்கு மணி எழுதி, வழிவதற்கு முன்னால் வால்வைத் திருப்புவதுதான் வேலை. என் காலத்தில் அந்தத் தொட்டி இரண்டே முறைதான் வழிந்தது, இரண்டு முறையும் நான் விடுப்பில் இருந்தேன். எனவே ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். என்ன குடித்தாள், எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு, எத்தனை மணிக்கு நனைந்தாள். டயப்பரைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். ஆறு நாள் எழுதியதில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. காலைப் பால் நூற்றைம்பது மில்லி என்றால் நாற்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம். தண்ணீர் என்றால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. பழச்சாறு என்றால் அரை மணிகூடத் தாங்காது. ஏழாம் நாள் டயப்பரைக் கழற்றிவிட்டு, நீ வாங்கி வைத்துவிட்டுப் போன மஞ்சள் பிளாஸ்டிக் இருக்கையைக் குளியலறையில் வைத்து, முப்பத்தெட்டாவது நிமிடத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்தேன். நாற்பத்தொன்றாவது நிமிடத்தில் மூச்சா போனாள். அன்றிலிருந்து ஒன்பது நாள், ஒரு சொட்டுத் தரையில் விழவில்லை. கக்காவும் காலை ரொட்டிக்குப் பிறகு இருபது நிமிடத்தில், ரயில் மாதிரி. மாப்பிள்ளையிடம் நோட்டைக் காட்டினேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, அச்சடிச்சே வித்துடலாம் மாமா என்றார். நான் அதை நிஜமாகவே பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன். உனக்கும் அன்றைக்குப் போனில் பெருமையாகச் சொன்னேன், ஞாபகம் இருக்கும்.

பதினாறாம் நாள் ஆபரேஷனுக்கு முன்னால் எடுக்கவேண்டிய ரத்தப் பரிசோதனைக்காக ஆஸ்பத்திரிக்குப் போனேன். முக்கால் மணியில் வந்துவிடலாம் என்ற கணக்கில், கீழ் வீட்டில் இருக்கும் தையல்காரம்மாவிடம் குழந்தையை விட்டுப் போனேன். எத்தனை மணிக்கு உட்கார வைக்கவேண்டும் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது, அவர் மூன்று பிள்ளைகளை வளர்த்தவர், அவரிடம் போய் நான் என்ன அட்டவணை நீட்டுவது. ஆஸ்பத்திரியில் வரிசை நகரவே இல்லை. நான் திரும்பி வரும்போது இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது. சில்வண்டு மூன்று முறை நனைத்திருந்தாள், மூன்றாவது முறை யாருக்கோ தைத்து மடித்து அடுக்கி வைத்திருந்த திரைச்சீலைகளின் மேல். நான் எத்தனை மன்னிப்புக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. தையல்காரம்மா கோபப்படவில்லை, துவைத்தால் போகிறது என்று ஒதுக்கிவிட்டார். வேறு ஒன்றுதான் அவருக்கு ஆச்சரியம். “போனதுக்கப்புறம் திருதிருன்னு முழிக்குது சார். தனக்குத்தான் வந்துச்சுன்னே அதுக்குத் தெரியல. யாரோ தண்ணி ஊத்திட்ட மாதிரி சுத்திப் பாக்குது.” மாலையில் மாப்பிள்ளை வந்ததும் இதைச் சொன்னேன். அவர் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு, “மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. இத்தன நாளா பழகினது பாப்பா இல்ல, நீங்க” என்றார்.

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது, அது அளந்து சொன்ன வார்த்தை. தொட்டி நிறைவதை ஊரில் ஒருவர்கூட நினைத்துப் பார்க்கவேண்டி வரக்கூடாது, அதற்குத்தான் வாரியம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. அதே வேலையைத்தான் வீட்டிலும் செய்திருக்கிறேன். வயிறு முட்டுகிறது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரிவதற்கு முன்பே, முப்பத்தெட்டாவது நிமிடத்தில் நான் போய்த் தூக்கிவிடுகிறேன். தெரிந்துகொள்ளவேண்டியவள் அவள், தெரியவே விடாமல் பார்த்துக்கொண்டது நான். அன்றைக்குக் காப்பகத்தின் சோதனைக்குப் பதினொரு நாள் இருந்தது. இருந்த அவகாசத்தில் பாதிக்குமேல் நானே கெடுத்துவிட்டேன் என்று தோன்றியது. உனக்குப் போன் செய்து வந்துவிடு என்று சொல்லிவிடலாமா என்று இரண்டு முறை போனைக் கையில் எடுத்தேன், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

மறுநாள் தையல்காரம்மாவே மேலே வந்தார். சில்வண்டின் கால்சட்டையைப் பிடித்துப் பார்த்து, இடுப்பில் நாடா வைத்து நான் இறுக்கி முடிந்திருந்ததைப் பார்த்து, இத புள்ள எந்தக் காலத்துல சார் அவுக்கும் என்று கேட்டார். எனக்கு அது உறைக்கவே இல்லை பார், அவிழ்ப்பது என் வேலை என்றே இருந்துவிட்டேன். மீதித் துணியில் லூசான எலாஸ்டிக் வைத்து ஆறு கால்சட்டை தைத்துத் தருகிறேன், ஆனால் அதுவரை ஒன்றும் போடாமல் விடுங்கள் என்றார். தரை விரிப்பைச் சுருட்டச் சொன்னார். மஞ்சள் இருக்கையைக் குளியலறைக்குள் ஒளித்து வைக்காமல், அவள் போய் எடுக்கும்படி கூடத்தின் ஓரத்தில் வைக்கச் சொன்னார். வருதா வருதா என்று கேட்கக் கூடாது, திட்டக் கூடாது, வந்துவிட்டால் கை தட்டிக் கூத்தாடக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, கடைசியாக, “கடிகாரத்தப் பாக்காதீங்க சார், புள்ளயப் பாருங்க. அதுவும் பாக்கற மாதிரி தெரியாமப் பாருங்க” என்றார். நோட்டை நானே எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். என் வாழ்க்கையில் எழுதிக்கொள்ளாமல் செய்த முதல் வேலை இதுதான் என்று நினைக்கிறேன்.

முதல் நாள் பதினொரு முறை தரையைத் துடைத்தேன். எழுதவில்லையே தவிர, எண்ணாமல் இருக்க முடியவில்லை. பால் குடித்து முப்பத்தைந்து நிமிடம் ஆகும்போது என் கால்கள் தாமாக எழுந்தன, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வழியப் போகிறது என்று தெரிந்தும் வால்வைத் தொடாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் வேறு வேலை இல்லாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்ததில் இரண்டாம் நாள் ஒன்று பிடிபட்டது. விழித்திருக்கும் நேரமெல்லாம் அவள் வாய்க்குள் ஏதோ இழுத்துக்கொண்டே இருக்கிறாளே, சில்வண்டு என்று நீ பெயர் வைத்ததே அதற்காகத்தானே, அந்தச் சத்தம் திடீரென்று நிற்கும். நின்று பத்து விநாடியில் கீழே குளம். எத்தனை முறை பார்த்தாலும் இதே முறைதான். அப்படியானால் அவளுக்குள் ஏதோ தெரிய ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம். சத்தம் நின்றதும் ஓடிப்போய்த் தூக்கலாம், அது எனக்குச் சுலபம், ஆனால் அப்படிச் செய்தால் மறுபடியும் பழகுவது நான். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மூன்றாம் நாள் சத்தம் நின்றதும் குனிந்து தன்னையே பார்த்தாள். நான்காம் நாள் மத்தியானம், ஆரம்பித்ததைப் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பாதியில் நிறுத்தினாள் என்பதை மாப்பிள்ளையிடம் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, மெதுவா மாமா, பக்கத்து வீட்ல பயந்துடுவாங்க என்றார்.

ஆறாம் நாள் காலை மின்சார மீட்டர் பார்ப்பவர் வந்தார், அதே நரைத்த மீசைக்காரர்தான், உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது எனக்குப் பின்னால் சில்வண்டின் ராகம் நின்றது. நான் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டேன். பிளாஸ்டிக் தரையில் உராயும் சத்தம் கேட்டது. மஞ்சள் இருக்கையை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு வந்து, வாசற்படியில், மீட்டர்காரரின் காலடியில் சரியாக வைத்து, அவரை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். மூன்று பேரும் அசையவில்லை. பிறகு அந்தச் சத்தம் கேட்டது. முப்பத்தொரு வருஷம் தண்ணீர்ச் சத்தத்தோடு இருந்திருக்கிறேன், இதுபோல ஒன்றை நான் கேட்டதில்லை. முடித்து எழுந்து, உள்ளே எட்டிப் பார்த்து, “தண்ணி” என்றாள். மீட்டர்காரர் தொப்பியைக் கழற்றினார். “சார், நான் பாக்கற மீட்டர்லயே கரெக்டா ஓடறது இது ஒண்ணுதான்” என்றார். கை தட்டக் கூடாது என்பது எனக்கு மட்டும்தானே சொல்லப்பட்டது, அவர் தட்டினார். தையல்காரம்மா கீழேயிருந்து என்ன சத்தம் என்று கேட்டார், மீட்டர்காரர் போகும்போது படியிலேயே நின்று அவருக்கு முழுவதும் சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து, எலாஸ்டிக் கால்சட்டையைப் போட்ட பிறகும், பத்துக்கு ஒன்பது முறை தானே இழுத்து இறக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். தவறிய அந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், அது பெரும்பாலும் விளையாட்டு மும்முரத்தில்.

இனி காப்பகம். நான் இரண்டு நாள் முன்னதாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே சுவரோரமாக வரிசையாக நான்கு சின்னப் பீங்கான் கழிவறைகள், முழங்கால் உயரம்கூட இல்லை. சில்வண்டு அதைப் பார்த்ததே கிடையாது. நம் மஞ்சள் இருக்கையைக் கொண்டு வரட்டுமா என்று காப்பகத் தலைவியம்மாவிடம் கேட்டேன். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒன்று வந்தால் அவர் கடைதான் போடவேண்டும் என்றார். சரியான பதில்தான். செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு விட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் இருக்கும் பேருந்து நிறுத்தத்தில் பன்னிரண்டு வரை உட்கார்ந்திருந்தேன். எத்தனை பேருந்துகள் எனக்காக நின்று, நான் ஏறாததால் முறைத்துவிட்டுப் போயின. பன்னிரண்டு மணிக்கு அவளைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தார்கள், கால்சட்டை காய்ந்திருந்தது, ஒரு சொட்டுகூட இல்லை, நல்ல பிள்ளை என்றார்கள். வாசலைத் தாண்டி நான்கு அடி வைத்தேன். என் இடுப்பிலிருந்து ஷூ வரைக்கும் நனைத்துவிட்டாள். காலையிலிருந்து மொத்தத்தையும் அடக்கி வைத்திருந்திருக்கிறாள், அந்தப் பீங்கானைக் கண்டு பயந்து.

உள்ளே யாரும் பார்க்கவில்லை. அப்படியே வீட்டுக்கு நடந்திருக்கலாம், அவர்கள் ஏட்டில் அந்த நாள் சரி என்றே இருந்திருக்கும். நான் நான்கு அடியும் திரும்பி நடந்து, ஷூவில் தண்ணீர் சளக் சளக்கென்று சத்தம் போட, தலைவியம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். மாலையில் மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டார். யாராவது தானா போய் மாட்டிக்குவாங்களா மாமா, நாளைக்கு அவ டிக்கெட்ட என்ன பண்றது என்றார். உன்னை வரவழைக்கப் போகிறவன் நான்தான் என்று நினைத்தேன். ஆனால் தவறான அளவை ஏட்டில் ஏற்றிவிட்டு, அதை நம்பி ஆறு வாரம் குழந்தையை அங்கே விடுவதற்கு எனக்குத் தைரியம் இல்லை. தினமும் அவள் அப்படி அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்.

நேற்று காலை நான் தோற்ற முகத்தோடுதான் போனேன். தலைவியம்மா வாசலிலேயே நின்றிருந்தார். “நல்லவேளை சொன்னீங்க. சொல்லலன்னா ஒரு வாரத்துல வயித்து வலின்னு வந்திருப்பீங்க. வாங்க உள்ள, நீங்களும் உக்காருங்க” என்றார். என்னைப் பெரியவர்களுக்கான நாற்காலியில் உட்கார வைத்தார் என்று நினைக்காதே. கழிவறை வாசலில், குழந்தைகள் உட்காரும் சின்ன நாற்காலியில், முழங்கால் தாடையில் இடிக்கக் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சில்வண்டு என் மடியில். மற்றக் குழந்தைகள் ஒவ்வொன்றாக வந்து, உட்கார்ந்து, போய், குழாயில் கை கழுவிக்கொண்டு போயின. ஒரு வாண்டு என்னைப் பார்த்து, தாத்தா உங்களுக்கு வரலயா என்று கேட்டது. நான் இன்னும் கொஞ்சம் நேரம் ஆகும் என்றேன். சில்வண்டு ஒவ்வொருவரையும் உற்றுப் பார்த்தாள், குறிப்பாக அவர்கள் எழுந்த பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று. பிறகு என் மடியிலிருந்து இறங்கி, அந்தப் பீங்கானை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, விளையாடப் போய்விட்டாள். தலைவியம்மா என்னைக் கண்ணால் வெளியே போகச் சொன்னார். மறுபடியும் பேருந்து நிறுத்தம். நான் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிக்குத் தலைவியம்மாவே அவளைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். கால்சட்டை முன்பக்கம் பின்னால் இருந்தது, ஒரு கால் முறுக்கிக்கொண்டு. அவர் ஏதும் சொல்வதற்கு முன் அதைப் பார்த்தே எனக்குப் புரிந்துவிட்டது, அது அவளே கழற்றி அவளே மாட்டியது. இரண்டு முறை போனாளாம். முதல் முறை ஆயாவின் உடுப்பைப் பிடித்து இழுத்துக் கூட்டிப்போயிருக்கிறாள், இரண்டாம் முறை யாரையும் கேட்கவே இல்லையாம், விளையாட்டுச் சாமானை அப்படியே போட்டுவிட்டுத் தானாக நடந்து போனாளாம். வாசலைத் தாண்டி நான்கு அடி அல்ல, நாற்பது அடி நடந்தேன், என் சட்டை காய்ந்தே இருந்தது. மறுபடியும் திரும்பிப் போய் அதையும் சொல்லிவிட்டு வந்தேன். அவர் சிரித்துக்கொண்டே படிவத்தில் கையெழுத்துப் போட்டார். ஒன்றாம் தேதி முதல் அவளுக்கு அங்கே இடம். மாப்பிள்ளையிடம் சொன்னதும் அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், எங்கள் இருவருக்கும் அதற்குமேல் தெரியவில்லை.

வீட்டில் மற்றபடி பெரிதாகச் செய்தி இல்லை. சமையலறைக் குழாயின் சொட்டு நின்றுவிட்டது, வாஷர்தான் போயிருந்தது. திரைச்சீலைகளை நானே துவைத்துத் தேய்த்துத் தையல்காரம்மாவிடம் கொடுத்துவிட்டேன். ஆபரேஷனுக்கு எனக்குப் பயம் உண்டு, இல்லை என்று சொன்னால் நீ சிரிப்பாய், ஆனால் டாக்டர் நிதானமானவர், கேட்ட பதினேழு கேள்விக்கும் பதில் சொன்னார். அந்த ஆறு வாரமும் மாப்பிள்ளை காலையில் கொண்டுபோய் விடுவார், மாலையில் அவர் வரும் வழியிலேயே கூட்டி வருவார், நான் தூக்கவேண்டிய அவசியமே வராது. நீ அங்கே கால் அச்சின் சாந்தைத் தேய்க்கும்போது முகமூடி போட்டுக்கொள், அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது. நின்றுகொண்டே சாப்பிடாதே. உன்னிடம் கால் அளவு கொடுக்க வரும் மனிதரிடம், அளவை எழுதுவதற்கு முன்னால் எங்கே வலிக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள். நீ ஏற்கெனவே கேட்பாய், எனக்குத்தான் இந்த மாதம் இது புதிதாகத் தெரிந்தது, யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருக்கிறது.

நீ வீட்டை விட்டுப் படிக்கப் போன நாளிலிருந்து உனக்கு நான் எழுதிய கடிதம் ஒவ்வொன்றும் எப்போது வருகிறாய் என்றுதான் முடியும். இந்த ஒரு கடிதத்தில் வராதே என்று எழுதுகிறேன். எழுதும்போது மார்பு நிமிர்கிறது, பழக்கமில்லாததால் எவ்வளவு நிமிரலாம் என்று தெரியவில்லை. உன்னிடம் ஒரு வார்த்தை கொடுத்தேன், அதைக் காப்பாற்றிவிட்டேன். சரியாகச் சொன்னால் சில்வண்டு காப்பாற்றினாள், நான் குறுக்கே நிற்காமல் இருந்தேன். நீ எங்கள் இருவரையும் நம்பி நான்கு மாதமும் இருந்து, படித்து முடித்து, உன் கையால் செய்த காலில் ஒருவர் எழுந்து நடப்பதைப் பார்த்துவிட்டு வா.

நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இரு. இதைப் படித்து முடித்ததும் மறக்காமல் முதல் வேலையாக டிக்கெட்டை ரத்து செய், ரத்தானதும் மாப்பிள்ளைக்கு ஒரு வரி அனுப்பு. இருபத்தெட்டாம் தேதி நீ பட்டறையில் இருக்கவேண்டும்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா